கழுநீர் பக்கெட்

நன்னிலம் பக்கம் சிறு விவசாயக் குடும்பம் எங்களுடையது. எதற்கும் புதிதாக ஒன்று வாங்கும் வழக்கமே கிடையாது. கிழிந்த சேலை தலையணை உறையாகும், ஓட்டைக் குடம் செடித்தொட்டியாகும். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

போன சம்பாவில் பயிரில் புழு விழுந்தது. மருந்து கலக்க, மாட்டுக்குக் கழுநீர் வைக்கும் நீல பக்கெட்டை என் கணவர் எடுத்தார்.

"அதுவாங்க?" என்றேன்.

"ஒரு நாள் வேலைக்குப் புதுசு வாங்கணுமா? கழுவிக் கொடுத்துடறேன்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

கலந்ததில் பாதியை ஸ்பிரேயரில் ஊற்றிக்கொண்டு அவர் வயலுக்குள் இறங்கினார். மீதி வரப்போரம் பக்கெட்டிலேயே இருந்தது. பக்கத்துத் திடலில் மேய்ந்த எங்கள் கிடாரிக் கன்று, தன் பக்கெட்டைப் பார்த்ததும் வழக்கம்போல ஓடிவந்து வாய் வைத்துவிட்டது.

கால்நடை டாக்டர் வருவதற்குள் நுரை தள்ளிவிட்டது. "எதுல தண்ணி காட்டினீங்க?" என்று கேட்டார்.

"நான் காட்டலீங்க. பக்கெட்டைப் பார்த்து அதுவா வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு இவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் கன்று போய்விட்டது.

அந்த பக்கெட்டை உடைத்துப் புதைத்தோம். இப்போது மருந்துக்கென்றே ஒரு சிவப்பு பக்கெட் மோட்டார் கொட்டகையில் பூட்டிக் கிடக்கிறது. வீட்டுப் பக்கம் வராது. கழுநீருக்கும் புதிது வாங்கினோம். தாய்ப்பசு அதை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை, நேராக வாய் வைக்கிறது. நான்தான் ஒவ்வொரு முறையும் முகர்ந்து பார்த்துவிட்டு அதன் முன்னால் வைக்கிறேன்.