நாகமுத்து எழுதிய மக்கள்தொகைக் கொள்கை

போர்ட் பிளேயரை ஒட்டிய கராச்சர்மாவில் பஸ் திரும்புகிற இடத்துக்குப் பின்னால் மேடேறிப் போனால் நாகமுத்துவின் கோழிப்பண்ணை. அவருக்கு நாற்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. கேட்டால் நேரம் கிடைக்கவில்லை என்பார். பொய்யும் இல்லை. இன்குபேட்டரில் ஒரு ஈடு முட்டை வைத்தால் இருபத்தோரு நாள் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர முடியாது. அது பொரிந்ததும் அடுத்த ஈடு. இப்படி இருபது வருஷம் ஓடிவிட்டது. ஒரே ஒரு தடவை பெண் பார்க்கப் போனார். பெண் காபி கொண்டுவருகிற நேரத்தில் கராச்சர்மாவில் கரண்ட் போய்விட்டதாக போன் வந்தது. வாயில் பாதி பஜ்ஜியோடு ஸ்கூட்டரை எடுத்தவர், அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பக்கத்து வீட்டில் அக்கா ஜெயமணி. அப்பா ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ரோடு போடும் வேலைக்குக் கப்பலேறி வந்து, ரோடு முடிந்த பிறகும் திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவர். அக்கா தம்பி இரண்டு பேரும் இங்கேயே பிறந்தவர்கள். அக்கா மூன்று வேளையும் தம்பிக்குச் சோறு போட்டாள். கூடவே மூன்று வேளையும் திட்டினாள்.

நாகமுத்து வளர்த்தது நிக்கோபாரிக் கோழி. கால் குட்டை, நடை உருளல், முட்டை தாராளம். இருநூறு கோழியை எட்டு மாதத்தில் இரண்டாயிரம் ஆக்கிக் காட்டினார். மகளிர் குழுக்காரர்கள் அவரைக் கூப்பிட்டு வகுப்பெடுக்கச் சொன்னார்கள். அதற்காக அவர் 'கோழி வளர்ப்போருக்கு இருபது குறிப்புகள்' என்று ஒரு தாள் தயாரித்து வைத்திருந்தார். அதில் ஒரு எழுத்துப்பிழை கிடையாது. எத்தனையோ நாள் உட்கார்ந்து எழுதியது.

டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த முருகானந்தம் ஒருநாள் முட்டை வாங்க வந்தார். வார்டு தேர்தலில் மூன்று கட்சியில் மூன்று தடவை நின்று மூன்று தடவையும் தோற்றவர். குறை கட்சிகளிடம்தான் இருக்கிறது என்று முடிவுகட்டி, சொந்தமாகவே ஒன்று ஆரம்பித்திருந்தார். பெயர் தீவு வளர்ச்சிக் கட்சி. பத்து வருஷத்தில் தீவுகளின் பொருளாதாரம் இரண்டு மடங்கு, பதினைந்து வருஷத்தில் மக்கள்தொகை இரண்டு மடங்கு. அதுதான் கொள்கை. எப்படி என்பதைக் குழுக்கள் சொல்லும்.

"ரெண்டும் ஒண்ணுதான் நாகமுத்து" என்று முட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபடி விளக்கினார். "ஆள் பெருகினா வீடு வேணும். வீடுன்னா சிமெண்ட், கம்பி, பெயின்ட், பைப். எகானமி தன்னால ஓடும்."

இதெல்லாம் அவர் கடையிலேயே கிடைப்பவைதான்.

அப்போதுதான் முருகானந்தத்தின் கண் இன்குபேட்டரில் விழுந்தது. உள்ளே அறுநூறு முட்டை வரிசையாகப் படுத்திருந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை மாசத்துல இருநூறை ரெண்டாயிரம் ஆக்கினே?"

"எட்டு மாசம்ணே."

"அரே பாப்ரே! நான் பதினைஞ்சு வருஷத்துல வெறும் ரெண்டு மடங்குதான் கேக்குறேன். நீதான் நம்ம மக்கள்தொகை வளர்ச்சிக் குழுவுக்குத் தலைவர்."

நாகமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணே, நான் கல்யாணமே பண்ணலையே."

"அதனாலதான் சொல்றேன். பிள்ளைகுட்டிக்காரனைப் போட்டா தன் குடும்பத்துக்குச் சலுகை எழுதிக்குவான். நீ நடுநிலை."

வெள்ளைச் சட்டை ஒன்று தைத்துக்கொள்ளச் சொன்னார் கட்சித் தலைவர் முருகானந்தம். தைத்துக்கொண்டார். அந்தச் சட்டையைப் பார்த்ததும் ஜெயமணி ஒரு நிமிஷம் ஆசையோடு, "பொண்ணு பாத்துட்டியாடா?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் கரண்டியைத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் குழம்பு அடிப்பிடித்துப் போனது.

போட்டில் போகவேண்டிய ஹேவ்லாக் தீவில் முதல் கூட்டம். அதற்குள் கொள்கைத் துண்டறிக்கை தயாராக வேண்டும். நாகமுத்து நான்கு நாள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். 'மக்கள்தொகையானது' என்று ஒரு வார்த்தை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஐந்தாம் நாள் அக்கா மகள் கார்த்திகாவிடம் போனார். அவள் கல்லூரியில் கடைசி வருஷம், அடுத்த வாரம் பரீட்சை.

"கார்த்தி, நம்ம இருபது குறிப்பு இருக்குல்ல, அதே அளவு, அதே மாதிரி ஒண்ணு வேணும். கம்ப்யூட்டர்ல போட்டுக் குடு."

"கோழிக்குப் பதிலா என்ன மாமா போடட்டும்?"

"கோழிக்குக் குடும்பம்னு போடு. குஞ்சுக்குக் குழந்தை. பண்ணைக்குத் தீவு. மத்ததை நான் அப்புறம் உக்காந்து திருத்திக்கிறேன்."

கார்த்திகா ஒரு பொத்தானைத் தட்டினாள். தாளில் இருந்த கோழி அத்தனையும் ஒரே நொடியில் குடும்பமாக மாறிவிட்டது. நாகமுத்து திருத்த உட்காரவேண்டிய அன்றைக்குத்தான் அறுநூறு முட்டையும் சொல்லிவைத்தாற்போல் பொரிந்தன. தலைவரின் ஆள் வந்து தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

முருகானந்தம் அதைப் படிக்கவில்லை. தன் போட்டோ பெரிதாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இந்தியில் மொழிபெயர்த்தவர் ஓய்வு பெற்ற வாத்தியார், ஒரு எழுத்தைக்கூட மாற்றாத யோக்கியர். அவர் போன் செய்து, "கொஞ்சம் கடுமையா இருக்கே ஜீ?" என்றாராம். "புரட்சின்னா கடுமையாத்தான் இருக்கும்" என்று தலைவர் போனை வைத்துவிட்டார்.

ஹேவ்லாக்கில் மூன்றாம் நம்பர் பஜாரில் மதியம் கூட்டம். காய்கறி விற்கிற வங்காளிப் பெண்கள், ஆட்டோக்காரர்கள், ரிசார்ட் வேலைக்காரர்கள் என்று எண்பது பேர் நின்றார்கள். போட்டிலிருந்து இறங்கின டூரிஸ்ட் இரண்டு பேரும், ஏதோ திருவிழா என்று நினைத்து நின்றார்கள். ஆளுக்கொரு துண்டறிக்கை போனது. முருகானந்தம் மைக்கில் சிமெண்ட் வரைக்கும் வந்திருப்பார்.

"ஏ தாதா, ஒரு நிமிஷம்!" என்று ஒரு குரல். பாக்குத் தோப்பும் காய்கறித் தோட்டமும் வைத்திருக்கிற ஸ்வப்னா. ஐம்பது வயது, வங்காளி; எந்த ஆம்பளையும் அவளுக்கு தாதா, அதாவது அண்ணன். பஜாரில் அவள் தராசுக்கு எதிராக யாரும் பேசமாட்டார்கள். துண்டறிக்கையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, இந்தியில் சத்தமாகப் படித்தாள்.

"ஒரு குடும்பத்துக்கு இரண்டு சதுர அடி இடம் தாராளம்."

ஆட்டோக்காரர்கள் தங்கள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"குழந்தைகளை முதல் வாரம் அட்டைப்பெட்டியில் போட்டு மேலே பல்பு எரியவிடவும்."

யாரோ ஒருவர் கனைத்தார்.

"பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் போதுமானது. அதிகம் இருந்தால் சண்டை போடும்." ஸ்வப்னா தாளிலிருந்து கண்ணை எடுத்து ஆட்டோக்காரர்களைப் பார்த்தாள். "இது சரிதான். மேலே கேளுங்க. ஒரு வருஷமாகியும் பலன் தராத குடும்பங்களுக்கு வீணாகத் தீனி போடாமல், கண்டுபிடித்துத் தீவிலிருந்து அகற்றவும். இது என்ன? யாரை அகற்றப் போறீங்க? எங்கே அனுப்பப் போறீங்க?"

பஜாரே கொதித்தது. ஒரு கத்தரிக்காய் பறந்து வந்து பேனரில் தலைவரின் காதில் பட்டது. முருகானந்தம் வியாபாரி, நிலவரத்தை உடனே கணக்குப் போட்டுவிட்டார். "பாலிசி எழுதின குழுத் தலைவரே இங்க இருக்காரு, அவரே விளக்கம் தருவாரு" என்று மைக்கை நாகமுத்துவின் கையில் திணித்துவிட்டு, மேடையின் பின்பக்கமாக இறங்கினார்.

நாகமுத்து அப்போதுதான் தன் கொள்கையை முதன்முதலாகப் படித்தார். நான்காவது வரியிலேயே தன் பழைய கோழித் தாள் அடையாளம் தெரிந்துவிட்டது. இருபது குறிப்பும் அதே வரிசையில் நின்றன. புதுச் சட்டை முதுகில் ஒட்டியது. ஓடிவிடலாம்தான், ஆனால் அடுத்த போட் நாலரை மணிக்கு. அதுவரை எங்கே ஓடுவது? தீவைச் சுற்றியா?

"பஹன் ஜீ" என்று அக்கா முறை வைத்து மைக்கில் கூப்பிட்டார். "இது... இது முர்கி."

"என்னது?"

"முர்கி. கோழி. கோழிக்கு எழுதினது. குடும்பம்னு வர்ற இடத்துலல்லாம் கோழின்னு படிச்சுப் பாருங்க. எல்லாம் சரியா இருக்கும்." தலையைக் குனிந்துகொண்டார். "என்மேல தப்பு. எனக்குக் கோழியைத்தான் தெரியும். ஜனத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. பலன் தராதவங்களை அகற்றணும்னா மொதல் போட்ல நான்தான் ஏறணும். எனக்குக் கல்யாணமே ஆகலை."

பூண்டு விற்கிற கிழவர் ஒருவர் பொக்கை வாயால் சிரிக்க ஆரம்பித்தார். அது ஆட்டோக்காரர்களுக்குத் தொற்றி, காய்கறிக் கடைகளுக்குப் போய், கடைசியில் ஒன்றும் புரியாத டூரிஸ்ட்களும் சிரித்தார்கள். முதலாம் குறிப்பிலிருந்து கோழி என்று மாற்றி எல்லோரும் உரக்கப் படித்தார்கள். ஒருவர், தன் கோழிக்குக் கழுத்து கோணிக்கொண்டதே என்று கேட்டார். நாகமுத்து மருந்து சொன்னார். மைக்கிலேயே சொன்னார். அடுத்தவர் கேட்டார். அரைமணி நேரம் அரசியல் கூட்டம் கோழி வைத்தியசாலையாக நடந்தது. பேனருக்குப் பின்னால் நின்ற முருகானந்தம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஸ்வப்னா மட்டும் சிரிக்கவில்லை. இன்னும் படித்துக்கொண்டிருந்தாள்.

"தாதா, பதினாலாவது பாரு. முட்டையிடுகிற கோழியைத் தூரம் கொண்டுபோகக் கூடாது. பயணம் அதற்கு ஆகாது. இருக்கிற இடத்திலேயே கவனிக்க வேண்டும். நீ எழுதினதுதானே?"

"ஆமா பஹன் ஜீ. அலைச்சல் பட்டா கோழி மிரண்டுடும்."

"என் மருமகளுக்கு ஆறு மாசம். டாக்டர் பிரசவத்துக்குப் போர்ட் பிளேயர் போகச் சொல்லிட்டார். கடல் எப்போ கெட்டுப்போகும், போட் எப்போ நிக்கும்னு யாருக்குத் தெரியும்? அதனால மூணு வாரம் முன்னாடியே போகணும். போய் எங்கே தங்குறது? எங்களுக்கு அங்கே சொந்தம்னு ஒருத்தர் இல்லே. இந்தத் தாள்ல கோழிக்கு எழுதினதுல பாதி எங்களுக்குக் கிடைச்சாப் போதும். நீ சொல்லாமலே ஜனம் பெருகும்."

கூட்டத்தில் பெண்கள் பக்கமிருந்து கைதட்டல் எழுந்தது. நாகமுத்துவுக்குக் காது சிவந்தது. அவருக்கு அதுவரை யாரும் கை தட்டியதில்லை. இந்தக் கைதட்டலும் அவருக்கு இல்லை என்பது அவருக்கே புரியத்தான் செய்தது. ஆனாலும் அவர் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

"என் வீட்டு மாடி காலிதான். ரெண்டு ரூம் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு பஸ் இருக்கு. மருமகளைக் கூட்டிட்டு வாங்க. எங்க அக்கா சமைப்பா."

இதை அக்காவிடம் கேட்கவில்லை என்பது, போட் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. திரும்புகிற வழி முழுக்க முருகானந்தம் திட்டிக்கொண்டே வந்தார். நாகமுத்து கடலைப் பார்த்துக்கொண்டு, ஜெயமணியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்தார்.

ஜெயமணி முழுவதையும் கேட்டுவிட்டு, "வங்காளிப் பொண்ணு மீன் இல்லாம சாப்பிடாதே. மீனை யாரு வாங்கிட்டு வருவா?" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் மாடியிலிருந்த தீவன மூட்டைகளை இறக்கச் சொல்லித் தம்பியைப் பெண்டு நிமிர்த்தினாள்.

வந்தது ஒரு மருமகள் இல்லை. பஜாரில் சேதி பரவி, இரண்டே மாதத்தில் நான்கு கர்ப்பிணிகள் வந்து தங்கினார்கள். ஒருத்தி வங்காளி, ஒருத்தி தெலுங்கு, இரண்டு பேர் ராஞ்சிப் பக்கத்து ஆட்கள். மாடியில் ஒரே இந்தி. ஜெயமணி அவர்களுக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தாள். நாகமுத்து தினமும் மீன் வாங்கினார். சேவல் கூவினால் கர்ப்பிணிகள் தூக்கம் கெடுகிறதென்று நான்கு சேவல்களைத் தூரத்துக் கொட்டகைக்கு மாற்றினார்.

அதற்குள் முருகானந்தத்தின் கோபம் போய், மாடி முழுவதும் கட்சியின் சாதனையாகிவிட்டது. பஞ்சாயத்துத் தேர்தலில் ஸ்வப்னாவைக் கெஞ்சி நிறுத்தினார். அவள் பேச்சென்று ஒன்றும் பேசவில்லை. துண்டறிக்கையின் பதினாலாவது குறிப்பை மட்டும் வீடுவீடாகப் படித்துக்காட்டிப் பதினோரு ஓட்டில் ஜெயித்தாள். முருகானந்தம் தன் வார்டில் நான்காவது தடவையாகத் தோற்றார்.

ஸ்வப்னாவின் மருமகளுக்கு வலி எடுத்தது ஒரு காலை நேரம். பெரியாஸ்பத்திரி வராந்தாவில் ஸ்வப்னா, ஜெயமணி, நாகமுத்து மூன்று பேரும் காத்திருந்தார்கள். நாகமுத்து எழுந்து கதவுவரை நடப்பார், திரும்பி வந்து உட்காருவார், மறுபடி எழுவார். உள்ளேயிருந்து வந்த நர்ஸ் அவரைப் பார்த்து, "நீங்கதான் அப்பாவா?" என்று கேட்டாள். நாகமுத்து பதறிப்போய், "நான் மக்கள்தொகைக் குழு" என்றார். நர்ஸ் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஜெயமணிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு அடங்கவில்லை.

பத்தரை மணிக்கு முருகானந்தம் பேனரோடு வந்துவிட்டார். 'தீவு வளர்ச்சிக் கட்சியின் மக்கள்தொகைச் சாதனை: 1' என்று சிவப்பில் பெரிதாக அச்சடித்திருந்தது. கீழே அவர் போட்டோ. ஆஸ்பத்திரிக்குள் கட்டக்கூடாது என்று காவலாளி விரட்டியதால், வெளியே புங்கமரத்தில் கட்டிக்கொண்டிருந்தார்.

பதினொன்றுக்கு நர்ஸ் வந்து சொன்னாள்: ஒரு பெண், ஒரு ஆண். இரட்டை.

முருகானந்தம் கடைக்கு ஆளை விரட்டி, டப்பாவும் பிரஷ்ஷும் வரவழைத்தார். சிவப்பு பெயின்ட் தீர்ந்திருந்தது. பச்சையில் ஒன்றை இரண்டாக்கினார். ஒழுகி ஏழு மாதிரி தெரிந்தது. அன்று சாயங்காலம் வரைக்கும் அந்த வழியாகப் போனவர்கள், யாருக்கு ஏழு பிள்ளை என்று விசாரித்துக்கொண்டே போனார்கள்.

உள்ளே ஸ்வப்னா, துணியில் சுற்றிய பெண் குழந்தையை நாகமுத்துவிடம் நீட்டினாள். கையில் வாங்கப் பயமாக இருந்தது அவருக்கு. இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கில் உயிர் பொரிந்து பார்த்தவர், இப்போது இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"பிடி தாதா. ஒண்ணும் பண்ணாது."

வாங்கினார். குழந்தை கொட்டாவி விட்டது. பிறகு அவருடைய வெள்ளைச் சட்டையை நனைத்தது. ஜெயமணி முந்தானையால் துடைக்க வந்தாள். "இரு அக்கா, இப்பத்தான் கண்ணை மூடுது" என்று தம்பி அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார். நனைந்த சட்டையோடு, கால் வலிக்க வலிக்க, அடுத்த முக்கால் மணி நேரம் அசையாமல் அப்படியே நின்றார்.