நெத்திலித் தட்டின் மூலையில்

மூன்று வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வீட்டில் யாருக்கும் சமைக்க மனமில்லை. மனைவி போனை என் கையில் கொடுத்து, மீன் வறுவல் எங்கே நன்றாக இருக்கும் என்று பார்க்கச் சொன்னாள். மீன் விஷயத்தில் என்னை நம்பும் ஒரே ஆள் அவள்தான். திரையைத் தள்ளிக்கொண்டே போனேன். பல்லாவரம் பக்கம் ஏதோ ஒரு கடை, பேர்கூடக் கேள்விப்பட்டதில்லை. நெத்திலி வறுவல். வெள்ளைத் தட்டு, எலுமிச்சைத் துண்டு, இரண்டு இணுக்கு கறிவேப்பிலை.

படம் நான் எடுத்தது. கடல் பார்த்த வெளிச்சம், அந்தத் தட்டு, நெத்திலியைக் குவித்திருந்த விதம், எல்லாம் எனக்குத் தெரிந்தவை. விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். இடது மேல் மூலையில் பழுப்பாக ஏதோ இருந்தது. மேஜை விளிம்பு என்று நினைத்தேன். பிறகுதான் நகம் தெரிந்தது. நடுவில் பிளந்து, இரண்டாக வளர்ந்த நகம்.

அது ராணியக்காவின் கட்டைவிரல். எனக்கு அதற்குமேல் பசி இல்லை. மனைவி பிரியாணி சொல்லிவிட்டாள்.

அந்தப் படம் எடுத்த காலத்தில் எனக்கு இருபத்தாறு வயது. ராயபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்து, சர்ச் கல்யாணமும் ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு கடை பிடித்துக்கொண்டிருந்த காலம். கடையின் மெனுவுக்குப் படம் வேண்டும். ஆள் எடுத்தார்கள், போய்ச் சேர்ந்தேன். கல்யாணத்தில் சரியான நேரத்தில் யாராவது கண்ணை மூடிவிடுவார்கள், மீனுக்கு அந்த வசதி கிடையாது, சுலபமான வேலை என்று நினைத்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

மீனுக்கு வேறு தொல்லைகள் உண்டு. வறுத்த ஐந்தாவது நிமிடம் செத்த மாதிரி ஆகிவிடும். அதனால் அரைவேக்காட்டில் எடுத்து, பெயின்ட் பிரஷ்ஷால் எண்ணெய் தடவி, மேலே கிளிசரினும் தண்ணீரும் கலந்து தெளிப்போம். என் பையில் லென்ஸைவிட கிளிசரின் பாட்டில்தான் பத்திரமாக இருக்கும். இன்றைக்கும் மருந்துக்கடையில் அந்த பாட்டிலைப் பார்த்தால் எனக்கு வறுத்த மீன் வாசனைதான் வருகிறது. வள்ளூர்ப் பக்கம் ஒரு கடையில் கறுப்புத் தட்டை வெளிச்சத்துக்காக வாசலில் வைத்தேன். திரும்பி வருவதற்குள் அனல்மின் நிலையத்துச் சாம்பல் மெலிதாகப் படிந்திருந்தது. கடைக்காரர் தட்டை லுங்கியில் துடைத்து, ஒன்றும் நடக்காததுபோல் என்னிடம் நீட்டினார்.

கம்பெனியின் விதிகள் எனக்கு இன்னும் மனப்பாடம். தட்டு மட்டும்தான் தெரியவேண்டும். பாத்திரம், அடுப்பு, சுவர் கூடாது. முகம் கூடாது. கை கூடவே கூடாது. கை தெரிந்தால் படம் திரும்பி வந்துவிடும், மறுபடி அவ்வளவு தூரம் போகவேண்டும்.

ராணியக்காவின் கடை எண்ணூர் விரைவுச்சாலையில், திருவொற்றியூர்க் குப்பத்தை ஒட்டி இருந்தது. கடை என்றால் நான்கு கழி, ஒரு நீலத் தார்ப்பாய், இரண்டு அடுப்பு. எதிரே அலையைத் தடுக்கப் போட்ட கருங்கற்கள், அதற்கப்பால் கடல். சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும். டிரைவர்கள் இறங்கி வந்து மீன் குழம்பு சோறு சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். லாரி அதே இடத்தில் நிற்கும்.

சாலையோரக் கடைகளை அகற்றப்போகிறார்கள் என்று பேச்சு வந்த சமயம். போனில் ஆர்டர் வந்தால் வீட்டிலிருந்தே செய்து கொடுக்கலாம் என்று கம்பெனியில் சேர்த்துவிட்டவன் அவர் மகன் தேசிங்கு. அவனும் கன்டெய்னர் ஓட்டுகிறவன்தான். நான் படம் எடுக்கப் போன அன்றைக்கு அவன் வண்டியில் போய்விட்டான். அக்கா மட்டும் புதுச் சேலை கட்டி, பூ வைத்து நின்றார். எதற்கென்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடற்காற்றில் என் ஸ்டாண்டு நிற்கவில்லை. தட்டின் நிழல் பக்கத்துக்கு வெளிச்சம் திருப்ப ஒரு வெள்ளைத் தெர்மாகோல் வைத்திருப்பேன். இரண்டு செங்கல் முட்டுக்கொடுத்தும் அது பறந்து லாரிக்கு அடியில் போனது. அக்காவே ஓடிப்போய் எடுத்துவந்தார்.

"எங்க புடிக்கணும் சொல்லு நைனா. நான் புட்ச்சிகினு நிக்கிறேன்."

காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை பிடித்தார். நெத்திலி, கடமா என்கிற கணவாய், சுறாப் புட்டு, இறால் தொக்கு. நடுவில் ஓடிப்போய் வறுப்பார், வந்து பிடிப்பார். மதிய வியாபாரம் போச்சு. சோறு கேட்டு வந்த டிரைவர்களை இன்றைக்கு இல்லை என்று திருப்பி அனுப்பினார். அந்தத் தெர்மாகோல் ஓரத்தில் அவர் கட்டைவிரல் அடிக்கடி என் படத்துக்குள் வரும். அக்கா, விரல், என்பேன். இழுத்துக்கொள்வார். சுறா அறுக்கும்போது அரிவாள்மணையில் பிளந்த நகம் என்று அவரே சொன்னார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும். அக்கா, தள்ளுங்க, முந்தானை தெரியுது. அக்கா, நிழல் விழுது. நாள் முழுக்க அவரிடம் நான் பேசிய பேச்சு இதுதான்.

கிளிசரின் அடித்த மீனை யாரும் சாப்பிடக் கூடாது என்று சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. தட்டு தட்டாகக் குப்பையில் கொட்டினேன். அவர் எனக்கென்று தனியாக எடுத்துவைத்திருந்த வஞ்சரத் துண்டைச் சோற்றில் வைத்துக் கொடுத்தார். நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

கடை போனில் சில மாதம் ஓடியது. பிறகு சாலை வேலைக்காகத் தார்ப்பாய்களையெல்லாம் பிரித்துவிட்டார்கள். வீட்டிலிருந்து செய்த வியாபாரம் அவ்வளவாக எடுபடவில்லை. அடுத்த வருஷம் ஒரு காலை தேசிங்கு கூப்பிட்டான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அம்மா எழுந்திருக்கவில்லையாம். பதினாறாம் நாளுக்குப் படம் வைக்கவேண்டும். ஆதார் அட்டையில் இருப்பதைப் பெரிதாக்கினால் யாரென்றே தெரியவில்லை. வேறு படம் வீட்டில் இல்லை.

"அன்னிக்கி முச்சூடும் எங்கம்மாகூட இருந்தியேண்ணா. ஒண்ணே ஒண்ணு குடு, போதும்."

கம்ப்யூட்டரைத் திறந்தேன். அந்த நாளின் முந்நூற்றுச் சொச்சம் படங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மீன், மீன், மீன். அக்காவின் முகம் ஒன்றில்கூட இல்லை. பூ வைத்து நின்ற மனுஷியை ஒரு தடவை, விளையாட்டுக்காவது, எடுக்கவில்லை. மீனின் பளபளப்பு முழுக்க அவர் பிடித்த வெளிச்சம். அதை எப்படிச் சொல்வது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது தம்பி, எல்லாம் அழிந்துவிட்டது என்று பொய் சொன்னேன். சரிண்ணா என்று வைத்துவிட்டான். பொய்யை மெய்யாக்க நினைத்தேனோ என்னவோ, அடுத்த மாதமே இடம் போதவில்லை என்று அந்த ஃபோல்டரை அழித்துவிட்டேன். முகத்தைத் தேடினேனே தவிர விரலைத் தேடவில்லை.

எடுத்த படங்கள் எல்லாம் கம்பெனிக்குத்தான் சொந்தம். மூலையில் இருந்த விரல் யார் கண்ணிலும் படாமல், எப்படிக் கைமாறி அந்த நெத்திலி பல்லாவரத்துக்குப் போனதோ தெரியாது. அந்த ஞாயிறு போன் திரையை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொண்டேன். தேசிங்குக்கு அனுப்பினால் என் பொய்யும் கூடவே போகும். ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். படத்தை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடலாமா என்றும் பார்த்தேன், அந்த அளவுக்குக் கோழை. கடைசியில் கூப்பிட்டேன்.

பின்னால் லாரி ஹாரன்கள். ஏதோ வரிசையில் நின்றிருந்தான். டிஸ்க் எதுவும் போகவில்லை தேசிங்கு, அம்மாவை நான் எடுக்கவே இல்லை, ஒவ்வொரு தடவையும் தள்ளி நிற்கச் சொன்னது நான்தான் என்றேன்.

"தெரியும்ண்ணா. அன்னிக்கே அம்மா சொல்ச்சி. பூவெல்லாம் வச்சிகினு நின்னேன், என்னியத் தவுர எல்லாத்தையும் புட்ச்சிகினு பூட்டான்டான்னு சிரிச்சிகினே சொல்ச்சி. எதுனா ஒண்ணுல தப்பித்தவறி வுயுந்திருக்கும்னுதான் உன்னாண்ட கேட்டேன்."

விழுந்திருக்கிறது என்றேன். படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. பிறகு ஒரே வரி வந்தது.

"அம்மா நெகந்தான்."

அந்தப் படத்தை அவன் என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை. போன வியாழக்கிழமை அந்தப் பக்கம் போயிருந்தேன். கருங்கல்லும் கடலும் லாரி வரிசையும் இருக்கின்றன. தார்ப்பாய் கட்டியிருந்த இடம் தெரியாமல் அகலமாகத் தார் போட்டிருக்கிறார்கள். எந்த இடத்தில் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னேன் என்று தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை.

இந்த ஞாயிறு போனில் மறுபடி அந்தக் கடையைத் தேடினேன். நெத்திலி அப்படியே இருக்கிறது. மூலையை யாரோ வெட்டிச் சரிசெய்துவிட்டார்கள். அந்த வேலையில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.