லூசர்ன் நகரின் இடது பக்கம்

சாந்தோமில் பூகோள வாத்தியார் ஆரோக்கியநாதன் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். லூசர்ன் சார் வீடு என்றால் உடனே கை நீட்டிக் காட்டுவார்கள். லூசர்ன் என்பது சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரையோரம் இருக்கும் பழைய நகரம். அவர் அங்கே போனதில்லை. அதை அவரே முதலில் சொல்லிவிடுவார்.

"நான் தாண்டின பெரிய தண்ணி அடையாறுதான். அதுவும் பாலத்து மேல, பஸ்ஸுல" என்பார்.

ரயிலில் போன அதிகபட்ச தூரம் அரக்கோணம். மைத்துனி கல்யாணம். போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. அப்படிப்பட்டவரிடம்தான், 1935இல் தாய்நாட்டுக்குத் திரும்பிய ஒரு சுவிஸ் பாதிரியார் இருபத்திரண்டு கண்ணாடிப் படங்களையும் அவற்றைத் திரையில் காட்டும் விளக்குப் பெட்டியையும் ஒப்படைத்துவிட்டுப் போனார். படங்கள் எல்லாம் லூசர்ன். கூடவே ஒரு வழிகாட்டிப் புத்தகம், ஜெர்மன் மொழியில். ஆரோக்கியநாதனுக்கு அதில் நகரத்தின் பெயரைத் தவிர வேறொன்றும் புரியவில்லை. அது ஒரு குறையாகவும் படவில்லை.

பதினோரு வருஷம் அந்த நகரத்தைச் சுற்றிக் காட்டினார். சர்ச்சின் பங்கு மண்டபத்தில் காட்டினார். கூப்பிட்டால் தியாகராய நகருக்கும் அடையாறுக்கும் ரிக்‌ஷாவில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். கையில் பிரம்பு, குரலில் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனின் அலட்சியம்.

1946 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பங்கு மண்டபம் நிறைந்திருந்தது.

"ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் இடது கைப்பக்கம் ஏரி. வலது கைப்பக்கம், இதோ, கூரை போட்ட மரப்பாலம்…"

"சோத்தாங்கை பக்கம் சார்" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். சாயம் போன பட்டாளத்துச் சட்டை போட்ட ஒருவன் நிலைப்படியில் சாய்ந்து நின்றான்.

"யாருப்பா அது? என்ன சோத்தாங்கை?"

"ஏரி சார். ஸ்டேஷனாண்ட நின்னா ஏரி சோத்தாங்கை பக்கம் கீது. பாலம் பீச்சாங்கை பக்கம். நீங்க எல்லாத்தையும் மாத்திச் சொல்லிக்கினு கீறீங்க."

மண்டபத்தில் சிரிப்பு கிளம்பியது. ஆரோக்கியநாதனும் பெரிய மனது பண்ணிச் சிரித்தார். "நீ பார்த்தியோ?"

"நாலு மாசம் இருந்தேன் சார்."

சிரிப்பு நின்றது. வேறு வழி தெரியாமல் ஆரோக்கியநாதன் அடுத்த படத்தைச் செருகினார். பாறையில் குடைந்த ஒரு சிங்கம். மழைக்காலத்துப் பூஞ்சை பிடித்துப் பாதி படம் மங்கியிருந்தது.

"களைத்துப் போன சிங்கம் நிம்மதியாக உறங்குகிறது. சமாதானத்தின் சின்னம்" என்றார், வழக்கமான வாக்கியத்தை வழக்கமான ராகத்தில்.

"அது தூங்கல சார்" என்றான் அவன், மெதுவாக. "செத்துக்கினு கீது. முதுகுல ஈட்டி ஒடிஞ்சு நிக்குது, உங்க படத்துல தெரியல. வேற ஊரு ராஜாவுக்குக் காவலு நின்னு செத்துப்போன அந்த ஊரு சிப்பாய்ங்களுக்காகச் செதுக்கினாங்களாம்."

ஆரோக்கியநாதன் விளக்கை அணைத்துவிட்டு, மின்சாரம் சரியில்லை என்று ஒரு பொய் சொல்லிக் கூட்டத்தை முடித்தார். வாசலுக்கு வருவதற்குள் அவன் போய்விட்டிருந்தான்.

வீட்டில் மனைவி டோரதியிடம் புலம்பினார். அவள் ஒரு படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கண்ணாடியை முன்பக்கம் பின்பக்கமா மாத்திச் செருகினா எல்லாம் இடம் வலமாத்தானே தெரியும்? எது முன்பக்கம்னு தெரிய ஒவ்வொரு படத்து மூலையிலயும் ஒரு வெள்ளைப் பொட்டு ஒட்டியிருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"இருந்துச்சு. அசிங்கமா இருக்குன்னு…"

"நீங்கதான் உட்கார்ந்து பிளேடால சுரண்டினீங்க. இருபத்திரண்டையும்."

ஆரோக்கியநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். பதினோரு வருஷம். யாராவது ஒரு மாணவன் அவர் பேச்சை நம்பி லூசர்ன் போய் இறங்கியிருந்தால், ஏரியைத் தேடி எதிர்த்திசையில் இன்றும் நடந்துகொண்டிருப்பான்.

அந்த ஆள் யார் என்பதும் டோரதிக்குத் தெரிந்திருந்தது. வாசலில் மீன் விற்க வரும் முத்தம்மாவின் புருஷன், முனியன். பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து ஐந்து மாதம் ஆகிறது. மறுநாளே அவனைப் பார்க்க ஆரோக்கியநாதன் நொச்சிக்குப்பத்துக்குக் கிளம்பினார். வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. முக்கால் மணி நேரம் பிடித்தது. குடிசைகளுக்கு நடுவே சுற்றி, காய்ந்துகொண்டிருந்த வலையில் கால் சிக்கி, கடைசியில் முத்தம்மா கண்ணிலேயே பட்டார்.

"இன்னா சார், வழி தெரியலியா? பத்து வருசமா நம்ம மீனைத் துன்றீங்க, இந்தாண்ட ஒருநாளும் வந்ததில்ல!" என்று அவள் சிரித்தாள். பூகோள வாத்தியாருக்கு அது உறைக்க வேண்டிய இடத்தில் உறைத்தது.

முனியன் படகு மறைவில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான்.

"நேத்து நான் பேசினது தப்புன்னா மன்னிச்சுக்க சார்."

"தப்பெல்லாம் என்னுதுப்பா. இனிமே நீ பேசு. நான் விளக்கைப் பார்த்துக்கறேன்."

"நான் இன்னா படிச்சேன், பேசுறதுக்கு?"

"நான் மட்டும் என்ன பார்த்தேன்? இவ்வளவு நாள் பேசலையா?"

முனியன் முதல் தடவையாகச் சிரித்தான்.

அடுத்த மாதம் தியாகராய நகரில் ஒரு வாசகசாலையில் கூட்டம். ஆரோக்கியநாதன் எல்லாப் படங்களையும் சரியான பக்கம் திருப்பி, மூலைக்கு மூலை வெள்ளைப் பொட்டு வைத்து எடுத்துப் போயிருந்தார். முனியன் முதலில் திக்கினான். ஆற்றங்கரை மீன்சந்தை படம் வந்ததும் நாக்கு அவிழ்ந்துவிட்டது. அங்கே ஒரு கிழவனோடு ஏரியில் மீன் பிடிக்கப் போனதைச் சொன்னான். "அலையே இல்லாத தண்ணி. அதுல வலை போடறதுக்கு ஒரு ஆளு வேணுமா? அந்தக் கெய்வன் அதுக்கே பெரிய சூரன் மாதிரி பேசிக்கினு இருந்தான்." கூட்டம் கைதட்டியது. ஆரோக்கியநாதனுக்குத் தன் வாழ்நாளில் கிடைத்த கைதட்டல் எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது. வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்தது. மறைக்க விளக்குப் பெட்டி இருந்தது வசதியாகப் போயிற்று.

கடைசியில் முன் வரிசையில் ஜரிகை அங்கவஸ்திரம் போட்ட ஒரு வக்கீல் எழுந்தார்.

"சண்டைதான் முடிஞ்சுடுத்தே, நானும் ஆத்துல இருக்கறவாளோட போலாம்னு இருக்கேன். நீங்க எப்படிப் போனேள்? எந்த வழி சௌகரியம்?"

முனியன் யோசித்தான். "ஆப்பிரிக்காவுல ஜெர்மன்காரன்கிட்ட மாட்டிக்கினோம். கப்பல்ல இத்தாலிக்கு இட்டுனு போனாங்க, அப்பால பிரான்சுல ஒரு கைதி கேம்ப்பு. அதும் மேல குண்டு வுய்ந்து செவுரு இடிஞ்சிச்சு, ஓடிட்டோம். ஆறு நாளு காட்டு வழியா நடந்து சுவிஸ் எல்லையைத் தாண்டினோம். பச்சை உருளைக்கிழங்கு. கூட வந்த ரெண்டு பேரு வந்து சேரல."

வக்கீல் நின்றபடியே அங்கவஸ்திரத்தின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அவருடைய சங்கடத்தைப் பார்த்து முனியனே இரக்கப்பட்டான். "ஆனா ஊரு நல்ல ஊரு சாமி. அவசியம் போய்ப் பாருங்க. நடந்து மட்டும் போவாதீங்க."