பீரோவுக்குப் போன டிஸ்க்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, "உங்க ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கு" என்று நாம் சொல்லி யாராவது மகிழ்ந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே லினக்ஸ் சர்வர் ஒன்று. எதைச் சேமித்தாலும் உள்ளே இருக்கும் இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றுபோல எழுதும். ஒன்று போனாலும் மற்றது இருக்கும் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

இருந்தும் எழவில்லை

ஒருநாள் காலை முதல் டிஸ்க் செத்தது. திரை கறுப்பு. கட்டிங் மேஜையில் துணி விரித்தாயிற்று, எந்த வடிவில் வெட்டுவது என்று காட்டும் பேட்டர்ன்களோ சர்வருக்குள். வெட்டிய துணி வராவிட்டால், தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று வாங்கும் பீஸ் ரேட்காரர்களுக்கு அன்று கூலி இல்லை.

இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு ஃபைல்கூடக் குறையவில்லை. ஆனால் மெஷினை எழுப்புகிற பூட் புரோகிராமை, எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் முதல் டிஸ்க்கில் மட்டும் போட்டிருந்தார். பேட்டர்ன் போடும் ஸ்டெல்லா அக்கா திருச்செந்தூர்ப் பக்கம். எல்லாம் பத்திரம் என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"பான நெறைய சோறு இருக்கு, மூடிதான் தெறக்கலன்னு சொல்லுதிய, அப்படித்தான சார்?"

கவுண்டர் சாம்பிள்

புது டிஸ்க் மாட்டி, இரண்டிலும் பூட் புரோகிராம் ஏற்றினேன். இனி ரெண்டும் ஒரே மாதிரி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தேன். சில மாதம் கழித்து மறுபடி கறுப்புத் திரை. திறந்தால் ஒரே ஒரு டிஸ்க், அதுவும் செத்தது. மற்றது எங்கே?

சரக்கு வாங்கும் பையர் ஓகே செய்த சாம்பிளைப் போலவே இன்னொன்றை, கவுண்டர் சாம்பிள் என்று கம்பெனியில் பூட்டி வைப்பது இங்கே வழக்கம். முதலாளி ஒரு டிஸ்க்கையும் கழற்றி அப்படியே பீரோவில் பூட்டிவிட்டார். பீரோவிலிருந்து எடுத்து மாட்டியதும் மெஷின் சமர்த்தாக எழுந்தது, பழைய பேட்டர்ன்களோடு. கழற்றிய நாளுக்குப் பிறகு ஸ்டெல்லா அக்கா போட்டது ஒன்றுகூட இல்லை. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, ரெண்டும் ஒரே மாதிரின்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

ஒத்திகை

அக்கா பேட்டர்ன்களைத் திரும்பப் போட்டு முடித்தார். செத்ததன் இடத்தில் புது டிஸ்க் மாட்டி, அதிலும் பூட் புரோகிராம் ஏற்றினேன். இந்த முறை சோதிக்காமல் கிளம்புவதில்லை என்று, மெஷினை அணைத்து ஒரு டிஸ்க்கைக் கழற்றினேன். "ஓடறதை எதுக்குங்க புடுங்கறீங்க?" என்று முதலாளி பதறினார். "துணி சுருங்குமான்னு ஒரு துண்டைத் தொவச்சுப் பாக்கறீங்கல்லீங்க, அதுதான்" என்றேன்.

ஒரு டிஸ்க்கில் எழுந்தது. கழற்றியதை மாட்டி, இரண்டும் சமமாகும்வரை காத்திருந்து, மற்றதைக் கழற்றினேன். அப்போதும் எழுந்தது. அக்கா தன் பேட்டர்னைத் திறந்து பார்த்துவிட்டு, ஓரக்கண்ணால் பீரோவைப் பார்த்தார்.

"சார், மொதலாளி எப்படியும் ஒண்ணக் கழத்தத்தான் போறாவ. பீரோவுக்குன்னே மூணாவது ஒண்ணு வாங்கிக் குடுத்துருங்க."

வாங்கிக் கொடுத்து, வாராவாரம் அதில் ஒரு நகல் எடுக்கவும் ஏற்பாடு செய்தேன்: ஒரு டிஸ்க் செத்தால் மற்றது காப்பாற்றும், இரண்டையும் முதலாளியிடமிருந்து காப்பாற்றத்தான் மூன்றாவது.