வடிக்காத உலை

உலைக்காரருக்குப் புருவமே கிடையாது. கண்ணாடி உலையின் வாயைக் குனிந்து குனிந்து பார்த்ததில் பொசுங்கிப் போனது. பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளைக்குப் புருவத்தை யாரு தின்னா?" என்று கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தவள்தான் இன்று அவருடைய வீட்டுக்காரி.

அவர் வேலை செய்தது பாட்டில் ஆலையில். சோறாக்குகிற அடுப்பை நினைத்தால் அணைக்கலாம், நினைத்தால் மூட்டலாம். கண்ணாடி உலையிடம் அந்த வேலை ஆகாது. தீ நின்றால் உள்ளே கொதிக்கிற கண்ணாடிக் குழம்பு பாறையாக இறுகி, சுற்றியுள்ள கல்லையும் பிளந்துவிடும். பிறகு அது உலையில்லை, குப்பைமேடு. வேலைநிறுத்தம் நடந்தபோதுகூட, வாசலில் கொடி பிடித்தவர்கள் முறை போட்டு உள்ளே வந்து தீயைக் காத்துவிட்டுத் திரும்பிப் போய்க் கோஷம் போட்டார்கள். அப்படிப் பிள்ளைபோல் பார்த்த உலை.

அந்த உலைக்கு எரிவாயுதான் தீனி. அது எங்கேயோ தூர தேசத்தில் தோண்டி, கப்பலேறி, குழாய் வழியாக வர வேண்டும். அந்த வருஷ வெயிலோ ஆளைக் கொன்றது. தெருவில் தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. ஊரெல்லாம் ஏசி ஓடியதால், இருந்த வாயுவை மின்சாரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். ஆலைக் குழாயில் அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. உலைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? உடைந்த கண்ணாடி குறைந்த சூட்டிலேயே உருகும் என்று, காலையில் செய்த புதுப் பாட்டில்களை மாலையில் உடைத்து உலைக்கே ஊட்டினார். எப்படியாவது அதன் உயிரைப் பிடித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது சண்டை மூண்டது. தட்பவெப்பம் பற்றிக் கல்லூரியில் படிக்கிற மகள்தான் தொடங்கினாள்.

"அப்பா, இந்த வெயிலே நம்மளுது மாதிரி உலைங்க விட்ட புகையாலதான். என்னைக்காவது மூடித்தான் ஆகணும்."

"மூடிட்டு, உன் காலேஜ்ல வெயிலைக் காட்டியா பீஸ் கட்டுறது?"

வீட்டுக்காரியின் தம்பி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அவன் சும்மா இருப்பானா? "உலகமே ஒரே சந்தையாயிடுச்சு அத்தான். வெளிநாட்டுப் பாட்டில் உங்களுதுல பாதி விலைக்கு வருது. நான்தானே இறக்குறேன்!"

"என் சோத்துல மண்ணைப் போடுற பாட்டிலை இறக்கிட்டு, என் சோத்தையே தின்ன வந்துட்டான் பாரு!"

"உங்க வயித்தெரிச்சலை அந்தக் குழாய்ல விட்டா உலை ஒரு வருஷம் எரியும். பேசாம சாப்பிடுங்க," என்றாள் வீட்டுக்காரி.

மகளே சிரித்துவிட்டாள். மைத்துனன் கை கழுவிவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அத்தான், வர வேண்டிய வாயுக் கப்பல் வராது. பணக்கார நாட்டுக்காரன் கூடுதலாக் குடுத்தான்னு நடுக்கடல்லயே திரும்பிடுச்சாம். சூடு இருக்கும்போதே உலையை வடிச்சிடுங்க."

உலையின் அடியில் ஒரு துளை உண்டு. குழம்பு ஓடுகிற பதத்தில் இருக்கும்போதே அதைத் திறந்து வடித்துவிட்டால், பக்குவமாக ஆறவைத்து வெறும் உலையைக் காப்பாற்றலாம். வாயு வந்ததும் மறுபடி மூட்டலாம். ஆனால் ஆயுள் முடிந்த உலைக்குத்தான் துளை திறப்பது என்பது அந்தத் தொழிலில் எழுதாத சட்டம். நல்ல உலையை வடிப்பது, உயிரோடு இருப்பவனுக்குக் குழி தோண்டுகிற மாதிரி. அதுவும் யார் சொல்லி? எதிரிப் பாட்டிலை இறக்குகிறவன் சொல்லி!

"உன் வியாபாரம் நடக்க என் உலையை நானே சாகடிக்கணுமா? போடா!" என்றார்.

மறுநாள் மேனேஜர் வந்து கையைப் பிசைந்தார். "பெரியவரே, வடிச்சிடலாமா? நீங்க சொல்றதுதான்."

"கப்பல் வந்துடும் சார். எனக்குத் தெரியும்."

என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. மைத்துனன் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்ற ஆசை மட்டும்தான்.

கப்பல் வரவில்லை. தீ நீலம் வெளுத்து, நாக்கு சுருங்கி, விக்கி விக்கி ஒரு மத்தியானத்தில் அடங்கியது. அப்போதுதான் உலைக்காரர் அலறிக்கொண்டு கடப்பாரையோடு துளைக்கு ஓடினார். குத்தித் திறந்தார். தீ தளர்ந்த நாட்களிலேயே குழம்பு அடியில் கெட்டிப்பட்டிருந்தது. பாகுபோல் ஒரு இழை இறங்கியது, நீண்டது, காற்றிலேயே விறைத்து நின்றது. மறுபடி குத்தினார். தகவல் கேட்டு ஓடிவந்த மகள், மூடத்தான் வேண்டும் என்று வாதாடிய அதே மகள், அவரோடு சேர்ந்து கடப்பாரையைத் தள்ளினாள். மைத்துனனும் வந்து தோள் கொடுத்தான். அசையவில்லை.

கொஞ்சநேரம் கழித்து உள்ளே 'டப்' என்று முதல் கல் வெடித்தது. வேலையாட்கள் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியேறினார்கள்.

"சொன்னியேடா... மூஞ்சிக்கு நேரா வந்து சொன்னியேடா," என்றார் உலைக்காரர்.

"விடுங்க அத்தான். வீட்டுக்குப் போகலாம், எழுந்திருங்க."

"அப்பா, வாங்கப்பா."

அவர் எழுந்திருக்கவில்லை. உலைச் சுவருக்கு அருகே உள்ளங்கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சூடு இருக்குடி. இங்க வந்து பாரு, இன்னும் சூடு இருக்கு."

உள்ளே இன்னொரு கல் வெடித்தது.