அந்தோணியாருக்கு ஒரு விண்ணப்பம்

அத்தை வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்த அந்த மூன்று மாதங்களைப் போல ஒரு கொண்டாட்டத்தை நான் அப்புறம் பார்க்கவே இல்லை. பெரியப்பா படகுத்துறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குக் கடல், அம்மாவுக்குப் பள்ளிக்கூடச் சமையல். விடுவதற்கு வசதியான வேலை அத்தையுடையதுதான் என்று வீட்டில் எல்லோருக்கும் சட்டென்று தோன்றிவிட்டது. அவள் எங்கள் தீவு பஜாரில் ஒரு சேட்டின் துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். சம்பளம் நின்றது. ஸ்கூட்டிக்கென்று சேர்த்த பணம் பெரியப்பாவுக்கு டயப்பராகவும், நடை பழக்க வருகிறவருக்கு ஃபீஸாகவும் போய்க்கொண்டிருந்தது.

எனக்கென்ன? பள்ளி விட்டு வந்தால் சூடாக இறால் வறுவல். பெரியப்பாவின் கட்டிலிலேயே மூன்று பேரும் கேரம்.

இதில் இடி விழுந்தாற்போல் பெரியப்பா வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைத்துவிட்டார்! இன்னும் பத்து நாள் பொறுங்கள், வந்துவிடுகிறேன் என்று அத்தை முதலாளிக்குச் சொல்லி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயில் நவநாள் ஜெபத்துக்குப் போய் விண்ணப்பப் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டாள். அவளுக்குத் தெரியாமல் நானும் ஒன்று போட்டேன்.

எங்கள் உபதேசியார் சீட்டை முன்கூட்டிப் பார்க்கிற வழக்கமில்லாதவர். மைக்கில் கணீரென்று வாசித்தார்:

“மதிப்பிற்குரிய அந்தோணியார் அவர்களுக்கு, பெரிய லீவு முடியும்வரை பெரியப்பா நடக்க வேண்டாம். அத்தை வீட்டிலேயே இருக்க வேண்டும். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவி, மூன்றாம் வகுப்பு ஆ பிரிவு.”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று பழக்கதோஷத்தில் கோயிலே சேர்ந்து சொல்லிவிட்டது. அப்புறம்தான் சிரித்தது. சாமியார் பீடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

“அரே, வீட்டுக்கு வா, உன்னைப் பேசிக்கிறேன்” என்று அத்தை தொடையில் கிள்ளினாள்.

வெளியே வந்ததும் அவள் போன் அடித்தது. “அச்சா சேட்... டீக் ஹை... நஹி நஹி, கோயி பாத் நஹி” என்று முதலாளிக்கு இந்தியில் பரவாயில்லை சொல்லி வைத்தவள், என் பக்கம் திரும்பினாள்.

“உன் சீட்டைத்தான்டி முதல்ல பாஸ் பண்ணிருக்காரு உங்க அந்தோணியாரு. கடையில வேற ஆள் போட்டாச்சாம்.”

நான் குதித்த குதியில் செருப்பு ஒன்று பறந்தது. அதை எடுத்து வந்து மாட்டிவிட்டாள். வழக்கமாக ஏறும் ஆட்டோ வந்து நின்றபோது, “நீ போ பையா” என்று ஆட்டோ அண்ணனுக்குக் கையை ஆட்டினாள்.

“நடந்தே போவோம்டி. காத்து எவ்வளவு நல்லா இருக்கு பாரு.”

எங்கள் வீடு இருக்கும் ஷாதிபூர் வரை பாடிக்கொண்டே நடந்தேன். அதற்கப்புறம் எங்கே போனாலும் எங்களுக்கு நடைதான். அத்தைக்குக் காற்று அவ்வளவு பிடிக்கும் என்று வகுப்பில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன்.