முருகேசனின் மடக்குத் துப்பாக்கி

செய்தி வந்தபோது நான் தொழிற்சாலையின் தேநீர் அறையில், சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கால்களை எதிர்க் கதிரையில் நீட்டியிருந்தேன். அழைத்தது முருகேசனின் வீட்டில் இருக்கிற தவராசா. "அண்ணை..." என்றார். பிறகு, "முருகேசண்ணை மோசம் போயிட்டார். காலமை எழும்பேல்லை" என்றார். நான் "ஓம்" என்றேன். இடைவேளை முடிந்து மணி அடித்ததும் போய்ப் போத்தல் மூடி அடிக்கும் இயந்திரத்தின் முன் நின்றேன். முந்தின வெள்ளிக்கிழமை அதன் வயிற்றைத் திறந்து பழுது பார்த்தவர் முருகேசன்தான்.

இந்த வயதில் இழவுச் செய்திகள் தண்ணீர் பில்லைப் போல ஒழுங்காக வருகின்றன. அஞ்சலிக் குறிப்பு என்றதும் நம் தமிழ்ச் சங்கத்தாருக்கு என் ஞாபகம் வந்துவிடுகிறது. உண்மையைச் சொன்னால் எனக்கு அலுத்துவிட்டது. ஈடு செய்ய முடியாத இழப்பு என்று சங்கத்தின் இதே மலரில் நான் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். சிலரை எனக்குச் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. முருகேசனை எனக்குத் தெரியும். அதனால்தான் கை ஓடவில்லை.

புதுக்கோட்டைக்காரர். சிங்கப்பூரில் சில காலம் இருந்துவிட்டு மெல்பேர்ணுக்கு வந்து, ஸ்பிரிங்வேல் பக்கத்திலுள்ள எங்கள் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டராகச் சேர்ந்தார். உங்களில் பலருக்கு அவரை 'த பேசின்' புறநகர்க் கோயிலின் அன்னதான வரிசையில் கரண்டியோடு நின்றவராகத் தெரிந்திருக்கும். முயல் சுடுகிறவராகத் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களும், "அந்த ஆளோ?" என்று குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கொலைகாரனைப் பற்றிக் கதைக்கிற மாதிரி.

ஊரில் கவண்கல்கூட எறிந்ததில்லை என்பார். இங்கே கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் பழக்கிவிட்டது. பாதுகாப்புப் பரீட்சை எழுதி, உரிமம் எடுத்து, சின்ன ட்வென்ட்டி டூ துப்பாக்கி ஒன்று வாங்கினார். இத்தாலியில் செய்தது. ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போடலாம். குழலும் கட்டையும் சேருமிடத்தில் கீல் உண்டு. பேனாக்கத்தியை மடிப்பதுபோல இரண்டாக மடித்து முதுகுப் பையில் வைத்துவிடுவார். வேலி தாண்டும்போது இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும், அதற்குத்தான் இது என்பார். வீட்டில் அதற்கென்று சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டி இருந்தது.

ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "துவக்குக்குப் பயந்துதான் நான் இந்த நாட்டுக்கே வந்தனான்" என்று சொல்லிப் பார்த்தேன். "இது முயலுக்கு மட்டும்தான்ணே பகை" என்றார். கிப்ஸ்லாண்ட் மேட்டில் ஒரு பால் பண்ணை. முயல் பெருகிப் புல்லெல்லாம் போகிறதென்று பண்ணைக்காரர் அவரை வரச் சொல்லியிருந்தார். வெயில் சாயும் நேரம். முருகேசன் வேலிக் கட்டையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார், துப்பாக்கியை விரித்தார், ஒரு தோட்டாவைப் போட்டு மூடினார், பிறகு அசையவே இல்லை. எனக்கு இடுப்பு விட்டுப்போனது. முயல்கள் வந்தன, அவர் சுடவில்லை. ஒன்று கிட்டே வந்து பக்கவாட்டில் திரும்பிய பிறகுதான் சுட்டார். சுள்ளி முறிகிற சத்தம், அவ்வளவுதான். ஆனாலும் இலங்கைப் போர்க்கால ஞாபகத்தில் நான் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதைக் கவனித்துவிட்டு அன்று மேற்கொண்டு சுடாமல் மடித்து வைத்துவிட்டார்.

"இத்தனை முயல் நிற்குது, அஞ்சாறு தோட்டா போடுறது ஒண்டை வாங்கியிருக்கலாமே?" என்று திரும்பி வரும்போது கேட்டேன். "ரெண்டாவது இருக்குன்னு தெரிஞ்சா மொதல் குண்டுல கவனம் இருக்காதுண்ணே. தப்பிச்சா அது பொழைச்சுப் போவட்டும்" என்றார். அவருடைய குசினியில் அன்று வைத்த முயல் கறியை நான் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

இனித் தவராசா. படகில் வந்து, அகதி முகாமில் கிடந்து, பிரிட்ஜிங் விசா என்கிற தற்காலிக அனுமதியில் வெளியே விடப்பட்டவர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வவுனியாவில். கோயிலில் அறிமுகமாகி முருகேசனின் பின்னறையில் தங்கினார். அகதி விண்ணப்பத்துக்கான நேர்முகம் முடிந்து முடிவுக்காகக் காத்திருந்த காலம். சின்னப் பொலிஸ் பிரச்சினை வந்தாலும் விசா போய்விடும் என்று எல்லோரும் அவரைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். சிவப்பு விளக்கில் வீதியைக் கடக்கக்கூட மாட்டார்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு முருகேசன் என்னை அழைத்திருந்தார். நான் போவதற்கு முன்பே கராஜ் கதவை முழுக்கத் தூக்கிவிட்டு, பலகை போட்டு, ஸ்பானர், டிரில், புல் வெட்டும் மெஷின் எல்லாவற்றையும் அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். துப்பாக்கியும் ஆயுதம்தானே? அதையும் பெட்டியிலிருந்து எடுத்து, விரித்து, பொட்டு வைத்து நடுவில் சாத்தினார். இந்த நாட்டில் வேறு யாருக்காவது அப்படித் தோன்றியிருக்குமா? பூசை தொடங்கும் நேரத்தில்தான் நீற்றுப்பூசணி வாங்கவில்லை என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. "தவராசு, பாத்துக்கோ" என்றுவிட்டு ஸ்பிரிங்வேலுக்குக் காரை எடுத்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பொலிஸ் வாகனம் நின்றது. தெருவில் நாயோடு நடந்து போன யாரோ திறந்த கராஜையும், துப்பாக்கியையும், பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவரையும் கண்டு பொலிஸை அழைத்திருக்கிறார்கள். தவராசா முழந்தாளில் இருந்தார். கைகள் பிடரியில். இங்கே யாரும் அவரை அப்படி இருக்கச் சொல்லவில்லை. சீருடையைக் கண்டதும் தானாகவே இருந்துவிட்டார். "இது யாருடையது?" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில், "மைன், சேர். மை கன்."

இடையில் புகுந்து நான் தமிழ் பேசுவேன் என்றேன். வந்திருந்த பெண் பொலிஸ் அதிகாரி சரி என்றார். "தவராசா, உமக்கென்ன விசரோ? ஏன் உம்மட எண்டு சொன்னனீர்?" என்று கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. "வேற என்னத்தைச் சொல்லுறது அண்ணை? அவற்ற பேரைச் சொன்னால் அவரைக் கொண்டு போயிடுவினம். போனவை ஆர் திரும்பி வந்தவை?"

இதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அந்தப் பெண் அவரை எழுந்து நிற்கச் சொன்னார். அப்போதுதான் முருகேசன் இடுப்பில் பூசணிக்காயோடு வந்து இறங்கினார்.

கடைக்குப் போகும் அவசரத்தில் கதவை மூட மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அவருடைய குற்றம் பாதியாகியிருக்கும். பிறகு எத்தனையோ பேர் அப்படித்தான் புத்தி சொன்னார்கள். ஆனால் அவர் உரிமத்தை எடுத்து நீட்டி, "நான் எடுத்தேன், நான் திறந்து போட்டேன், நான் கடைக்குப் போயிட்டேன். இவன் அதைத் தொடக்கூட இல்லை. எனக்காகப் பயந்து பொய் சொல்றான்" என்று ஒன்று விடாமல் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். பொட்டு வைத்த துப்பாக்கியைக் கொண்டு போனார்கள். தவராசாவை விட்டுவிட்டார்கள். பின்னர் நீதிமன்றத்திலும் முருகேசன் அதையேதான் சொன்னார். உரிமம் ரத்தாகி, துப்பாக்கி அழிக்கப்பட்டது.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. வெட்டிய புல்லையே திரும்ப வெட்டுவார். தேநீர் அறையில் ஒரு நாள், "கவலை இல்லையா?" என்று கேட்டேன். "இருக்குண்ணே, இல்லாம என்ன. ஆனா எனக்காகப் பொய் சொன்னவன் இந்த ஒலகத்துலயே அவன் ஒருத்தன்தான். அதுவும் எதைப் பணயம் வெச்சு சொன்னான் பாருங்க" என்றார்.

இறுதிச் சடங்கில் நல்ல கூட்டம். கூடவே முணுமுணுப்பும் இருந்தது. "துவக்குக் கேஸில மாட்டின ஆள் அவர்தானாம்" என்று தவராசாவைக் காட்டி ஒருவர் என் காதுக்குள் சொன்னார். முருகேசனின் மனைவி மீனாட்சி சிட்னியில் இருக்கும் மகளிடம் போகிறார். வாடகை வீடு இந்த மாதத்தோடு கைமாறுகிறது. தவராசா கிளேட்டனிலும் ஸ்பிரிங்வேலிலும் நம்முடைய ஆட்களின் வீடுகளில் அறை கேட்டு அலைந்தார். பொலிஸ் வந்த ஆள் என்று ஒருவரும் கொடுக்கவில்லை. இதை வாசிக்கிற உங்களிலும் சிலர் அதில் இருக்கிறீர்கள். சண்டைக்காகச் சொல்லவில்லை, சண்டை போடத் தெம்பில்லை.

எங்கள் வீட்டுச் சின்ன அறை முழுக்கப் பெட்டிகள். போன கிழமை நானும் மனைவியும் முதுகு விண்விண்ணென்று வலிக்க அவற்றைக் கராஜுக்கு இழுத்தோம். "பொலிஸ் இஞ்சயும் வருமோ?" என்று அவள் கேட்டாள். "வந்தால் வரட்டும்" என்றேன். விசா முடிவு இன்னும் வரவில்லை. எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. முருகேசனின் பொருள் எதையும் நான் கேட்டு வாங்கவில்லை. தவராசா ஞாயிற்றுக்கிழமை அந்த அறைக்கு வருகிறார். முருகேசனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவரைத்தான்.